பழப்புளியும் பித்தளைக் கோதுகளும்

பெப்ரவரி 8, சனி

பின்தோட்டத்துக் கொட்டிலில் மேசை போட்டாயிற்று. மகள் அஜந்தா சின்ன வயதில் படம் கீறிய மேசைதான். கால் ஆடியது. சுவரோடு சேர்த்து ஆணி அடித்தேன். இப்போது மேசை ஆடவில்லை, கொட்டில்தான் ஆடுகிறது.

இனித் தோட்டா கடையில் வாங்குவதில்லை. நானே செய்யப் போகிறேன். கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவனுக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருந்து, கற்றுக் கொடுத்து, உயிரோடு கிங்ஸ்பரி வீட்டுக்குத் திரும்பி வருகிறவன் நான். இது என்ன பெரிய வேலை?

காரணம் என் மகள்தான். துப்பாக்கி கிளப்பில் முதலில் சேர்ந்தது நான். அவள் பல்கலைக்கழகம் போன பிறகு பொழுதுபோக்காக வந்தாள், அடுத்த கிழமையே என்னை முந்தினாள். மே மாதம் கிளப் அணிக்கு ஆள் தெரிவு. ஒரே ஒரு இடம். அவளுடைய கை ஆடுவதில்லை, கடைத் தோட்டாதான் ஆடுகிறது. ஒரு பெட்டி ஒழுங்காகப் போகிறது, அடுத்த பெட்டி இலக்குத் தாளுக்கு அம்மை போட்டதுபோல ஓட்டைகளைச் சிதறுகிறது. அது ஊருக்கெல்லாம் பொதுவாகச் செய்தது, கடைச் சட்டை மாதிரி. நான் எங்கள் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைக்கப் போகிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மனைவி தவநாயகி கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "அங்கை ஊர்ச் சண்டையிலை வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்சை சொந்தமா வெடி செய்யிறார். நல்ல முன்னேற்றம்."

ஆனாலும் தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணி வந்தால் கோபம் இல்லை என்று அர்த்தம். சீனி போடவில்லை. அப்படியென்றால் பாதிக் கோபம்.

பெப்ரவரி 22, சனி

எங்கள் துப்பாக்கி பார்வைக்குத் தானியங்கி. ஆனால் இந்த ரகத் தோட்டாவுக்குத் தானாக அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை இந்த நாட்டுச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு விடாது. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்க வேண்டும். "ஸ்போர்ட்ஸ் காரை வாங்கித் தள்ளிக்கொண்டு போவது மாதிரி" என்கிறார் கீத். கிளப்பில் பாதுகாப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்கார மனிதர். சிரிக்காமல் பகிடி விடுவார்.

வேலை இதுதான். வெடித்த தோட்டாவின் வெறும் கூடான பித்தளைக் கோது கொஞ்சம் ஊதிப் போயிருக்கும். அதைப் பிரெஸ்ஸில் வைத்து அமுக்கிப் பழைய உடம்புக்குக் கொண்டுவர வேண்டும். (எனக்கும் அப்படியொரு பிரெஸ் இருந்தால் நல்லது.) பிறகு அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் இலக்குக்குப் பறக்கும் சன்னம். மருந்தின் அளவுக்குக் கம்பனிப் புத்தகம் இருக்கிறது: குறைவாகத் தொடங்கு, மெல்ல ஏறு. என் மாணவர்களுக்கு நான் சொல்வதும் அதுதானே. முதலாம் கியர், பிறகு மற்றது.

மார்ச் 8, சனி

பிஸ்லி துப்பாக்கிச் சுடு மைதானம். நான் செய்த தோட்டா, அஜந்தா சுட்டாள். ஓட்டைகள் எல்லாவற்றையும் ஐம்பது பென்ஸ் காசு ஒன்றால் மூடினேன்! உண்மையாகவே மூடினேன், கீத் சாட்சி.

"அப்பா, காசை எடுக்காதேங்கோ, படம் எடுக்கிறன்" என்றாள். வழமையாக ஆங்கிலத்தில் பேசி 'அப்பா'வை மட்டும் தமிழில் போடுகிறவள். இன்றைக்கு முழு வசனமும் தமிழ்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய மாணவி ஒருத்தியிடம் தோட்டா செய்வதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். நடு ரோட்டில் பிரேக் அடித்துவிட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கோதுகள் கரி பிடித்துப் போய்விட்டன. மினுக்கும் இயந்திரம் வாங்கச் சொன்னார் கீத். எதற்கு? காலையில் தவநாயகி குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கும் பித்தளை, கோதும் பித்தளை. அவள் வேலைக்குப் போனதும் புளி டப்பாவை எடுத்தேன். கரைத்து ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, ரேடியேட்டர் மேல் பரப்பி, பின்னேரமே மருந்தும் போட்டு முடித்துவிட்டேன். நாளைக்குப் பயிற்சி இருக்கிறதே. ஆர்ச்வே முருகன் சந்நிதியில் கொண்டுபோய் வைக்கலாம், அப்படி ஒரு மினுக்கம்!

ஏப்ரல் 5, சனி

இண்டைக்கு எழுத ஏலாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

நேற்றுப் பயிற்சியில் அஜந்தா சுட்ட முதல் சில வெடிகள் ஒழுங்கு. அடுத்தது 'டுப்' என்றது. வெடிச் சத்தமே இல்லை, சோடாப் போத்தல் திறந்த சத்தம். பின்னால் நின்ற நான், "பரவாயில்லை, அடுத்ததைப் போடு பிள்ளை" என்றேன். ஓம், சொன்னேன். இதில் பொய் எழுதி என்ன பலன்?

அவள் போடவில்லை. துப்பாக்கி முனை இலக்கை விட்டு அசையாமல், ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். கீத் வந்து, எல்லாவற்றையும் பார்த்து, குழலுக்குள் கோலை விட்டார். கோல் பாதியில் நின்றது. சன்னம் உள்ளே இறுகிக் கிடந்தது.

அடுத்ததையும் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். அவளுடைய கன்னத்துக்குப் பக்கத்தில்.

ஐயோ, நான் என்ன வேலை செய்துபோட்டன்? கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் எண்டு ஊர்ப் பிள்ளையளுக்கு நாள் முழுக்கக் கத்துறன். என்ர பிள்ளைக்கு 'அடுத்ததைப் போடு' எண்டு சொல்லியிருக்கிறன்.

திரும்பும் வழியில் கார் ஹேங்கர் லேன் சந்திக்கு வந்தது. அவள் சொன்னாள்: "அப்பா, மே மாசத்துக்கு நான் கடைத் தோட்டாவே வாங்குறன்."

ஓம் என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மிச்சத் தோட்டாக்களின் சன்னங்களைக் கழற்றினேன். சிலதில் மருந்து பொலபொலவென்று கொட்டியது. சிலதில், உள்ளே காயாத ஈரத்தால், கட்டி பிடித்திருந்தது. ஒன்றிலிருந்து ஊசி முனையால் மண்ணிறமாக ஏதோ இழுத்தெடுத்தேன். பின்னால் தவநாயகி.

"உது பழப்புளி நாரெல்லோ?"

நான் குனிந்து அடுத்த தோட்டாவைத் தேடினேன். என் முகம் பேசிவிட்டது.

"அப்ப டப்பா குறைஞ்சது உங்கட வேலை! நான் கடைக்காரன் நிறை குறைய வித்தவன் எண்டு அவனோட சண்டை பிடிச்சுப்போட்டு வந்திருக்கிறன்!" நாரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "விளக்குக்கு வெளியால மினுங்கினால் காணும். உதுக்கு உள்ளுக்கயெல்லோ வேலை?"

எனக்குக் கீத் சொன்ன எந்தப் புத்திமதியும் இப்படி உறைக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

மினுக்கும் இயந்திரம் வாங்கியாயிற்று. உலர் மினுக்கம், புளி இல்லை. ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். மருந்து போட்ட பிறகு, சன்னம் வைக்குமுன், இன்னொரு தரம். மெதுவான வேலை. பின்னால் ஹோர்ன் அடிக்க ஆள் இல்லை, பிறகென்ன அவசரம்?

புதிதாகச் செய்வதில் முதலில் சுடுவது இனி நான்தான். கீத் பக்கத்தில் நின்றார். என் முகத்தில் கெடுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றேன். இந்த முறை அவரே சிரித்துவிட்டார்.

எல்லாம் ஒழுங்காக வெடித்தன. ஐம்பது பென்ஸ் காசுக்கு வெளியே ஒரே ஒரு ஓட்டை, அதுவும் நான் தும்மியதால். என் கையாலேயே இப்படி என்றால் தோட்டாவில் பிழை இல்லை.

இலக்குத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அஜந்தா பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மே 3, சனி

அஜந்தா கொட்டிலுக்கு வந்தாள். கேட்காமலே டோர்ச்சை எடுத்தாள். மருந்து போட்டு வைத்திருந்த கோதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றைத் தள்ளி வைத்தாள்.

"அதுக்கு என்ன?"

"தெரியாது அப்பா. பிடிக்கேல்லை."

நான் வாதாடவில்லை. அந்த ஒன்றைக் கொட்டினேன்.

மே 10, சனி

இன்றைக்குத் தெரிவு. எனக்குக் காலையிலிருந்து வகுப்பு, போக முடியவில்லை. அவளுடைய பையில் கடைப் பெட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் என்னுடையதையும் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் மாணவர்களைக் கேட்டால் தெரியும்.

பின்னேரம் வந்தவள் சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்: "யூன் மாசம் போட்டி அப்பா. கனக்கச் செய்யோணும், இப்பவே தொடங்குங்கோ."

பையைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். கடைப் பெட்டியின் ஒட்டுத்தாள் பிரிக்காமல் அப்படியே இருந்தது. என் பெட்டியில் எல்லாம் வெறும் கோதுகள், கரி பிடித்து.

மினுக்க வேண்டும். தவநாயகி பழப்புளி டப்பாவை எனக்கு எட்டாத தட்டுக்கு மாற்றிவிட்டாள்.