புதன்கிழமை மூச்சு

செவன் ஹில்ஸ்,
6 மே 2012

அன்பின் தாரகாவின் அப்பாவுக்கு,

பெயர் சொல்லி எழுத மனம் வரவில்லை, அவ்வளவு கோபம். போனை நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது. அதனால் பிள்ளை கண்ணயர்ந்த நேரம் பார்த்து எழுதுகிறேன். அவளுக்குச் சளி. மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்து வைத்துப் பார்க்கிறேன். கிளினிக் நர்ஸ் என் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

உங்கள் லைசென்ஸ் விஷயமாகச் சட்ட உதவி நிலையத்து விக்னராஜா அண்ணரைப் போய்ப் பார்த்தேன். முந்திக் குடித்து ஓட்டிப் பிடிபட்டதற்காகக் காரில் பூட்டிய, ஊதினால்தான் கார் ஸ்டார்ட் ஆகும் அந்த மெஷின் மூன்று தரம் மது காட்டியதால்தான் லைசென்ஸை ரத்துச் செய்கிறார்களாம். உங்கள் பெயரில் மனுப் போட்டிருக்கிறார்; ஜூன் 20ஆம் திகதி கோர்ட்டில் எதிர்த்துப் பேசலாமாம். "செய்தது பிழை எண்டு ஒப்புக்கொண்டு, குடியை விடுற வகுப்புக்குப் போறன் எண்டு சொன்னால் ஒரு சந்தர்ப்பம் குடுப்பினம், தங்கச்சி" என்றார். லைசென்ஸ் போனால் விடியப்புறம் பேக்கரி வேலைக்கு எப்படிப் போவீர்கள்? அந்த நேரத்தில் ரயிலும் இல்லையே.

ரத்துக் கடிதம் வந்த அன்றைக்கு, குடிக்கவில்லை என்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வந்தீர்கள். நான் அவளை இழுத்துக்கொண்டேன். அதற்காக வீட்டை விட்டு மெல்பேர்ன் வரைக்கும் போக வேண்டுமா? உங்கள் தம்பி வன்னியில் காணாமற்போன வருடம் நீங்கள் குடித்த குடியைப் பார்த்தவள் நான். திரும்பவும் பயந்தது பிழையா?

வந்து உண்மையைச் சொல்லுங்கள். நான் மன்னிப்பேன்.

வசந்தினி


டண்டினோங்,
15 மே 2012

அன்பின் வசந்திக்கு,

கடிதம் கிடைத்தது. ஹீட்டரை இரவிரவாக விட வேண்டாம், பிள்ளைக்கு மூக்கு அடைக்கும். குசினி யன்னல் கொளுக்கி கழன்றிருக்கிறது, திருத்தாமல் வந்துவிட்டேன்.

மெல்பேர்னில் பழைய சிநேகிதன் தனுஜனின் அறையில் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை. நடந்து போகலாம்.

நான் குடிக்கவில்லை. உமக்கு ஒருதரம் சொன்னேன், இப்போது எழுதுகிறேன். மூன்றாம் தரம் சொல்லமாட்டேன். ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

மயூரதன்


செவன் ஹில்ஸ்,
27 மே 2012

என் அன்பான மயூரனுக்கு,



விக்னராஜா அண்ணர் நேற்றுப் போனில் கேட்டார்: "அந்த மெஷினில வேற ஆரும் ஊதுறவையோ?"

"நானும்தான், அண்ணை. புதன்கிழமையில அவர் கூட்டாளியின்ரை காரில போவார். நான் பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோவன்."

"நீர் குடிப்பீரோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ரை பிறப்பில ஒரு துளி தொட்டதில்லை."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த முட்டைக்கோப்பியில் ஒரு வாய் குடித்தேன். மேல்வீட்டு நாகபூசணி அன்ரி, பத்தியச் சாப்பாட்டோடு காலைதோறும் பிளாஸ்கில் கொண்டுவருவாரே, அதுதான். குடித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஓடிப்போய் அன்ரியைக் கேட்டேன். "இதுக்குள்ள பிரண்டி எவ்வளவு விடுறனீங்கள்?"

"நல்லா விட்டுத்தான் அடிக்கிறனான். பச்சை உடம்புக்கு விடாமல்? முட்டை வெடுக்கு வேறை என்னெண்டு போறது?"

வீட்டில் ஒரு போத்தலும் இருக்கக்கூடாதென்று எல்லாவற்றையும் சிங்கில் ஊற்றியவள் நான். இதை மட்டும் குடி என்று நினைக்கவே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து. அதோடு பிள்ளைக்குப் பாலும் கொடுத்தேனே. கிளினிக் நாளில் கார் ஸ்டார்ட் ஆகாதபோது, மெஷின் முரண்டு பிடிக்கிறதென்று தண்ணீர் குடித்து, பொறுத்திருந்து திரும்ப ஊதுவேன். அவர்கள் குறித்திருப்பது மூன்றும் புதன்கிழமைகள், மயூரன். மூன்றும் என்னுடைய மூச்சு.

கோர்ட்டில் நான் சொல்லப் போகிறேன். விக்னராஜா அண்ணர் எச்சரித்தார்: நான் புதிதாக லைசென்ஸ் எடுத்த பி பிளேட்காரி, ஒரு சொட்டும் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது. பிள்ளையைப் பின்சீற்றில் வைத்துக்கொண்டு ஓட்டினேன் என்றால், பிள்ளைகள் நலப் பகுதியினர் வீடு தேடி வந்தாலும் வருவார்களாம். ஆனாலும் சொல்வேன். மனு உங்களுடையது, நீங்கள் வந்து நிற்காவிட்டால் என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

வாருங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள்.

உங்கள் வசந்தி


டண்டினோங்,
9 ஜூன் 2012

அன்பின் வசந்திக்கு,

எனக்குத் தெரியும்.

பின்னேரங்களில் அந்தப் பிளாஸ்கைக் கழுவியது நான்தானே. மூடியைத் திறந்தவுடன் மணக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவுவேன். உமக்கு அது மருந்து, நான் என்ன சொல்ல? திகதிகளைப் பார்த்த அன்றைக்கே விளங்கிவிட்டது.

சொன்னால் உம்மைப் பிடித்துக்கொடுத்ததாகும். பிள்ளையைப் பற்றிக் கேள்வி கேட்க ஒருத்தரும் எங்கள் வாசலுக்கு வரக்கூடாது. அதனால் குடிக்கவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நீர் அதை நம்பியிருந்தால் லைசென்ஸ், வேலை எது போனாலும் உம்மோடு இருந்து தாங்கியிருப்பேன். நீர் பிள்ளையை இழுத்தீர்.

கோர்ட்டுக்குப் போக வேண்டாம். நான் வரமாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்க விருப்பமில்லை. போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று தனுஜன் ஒரு போத்தலை எடுத்து வைத்தான். முந்தியென்றால் எழும்பிப் போயிருப்பேன். அன்றைக்கு, ஆருக்காக எழும்புவது என்று இருந்தது. இப்போது நீர் நினைத்த ஆள்தான் நான்.

தாரகாவைக் கவனமாகப் பாரும்.

மயூரதன்


செவன் ஹில்ஸ்,
20 ஜூன் 2012

மயூரன்,

வேண்டாம் என்றீர்கள். நான் போனேன். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ரயிலில் போனேன். வழியில் யாரோ ஒரு கிழவரின் தொப்பியைப் பார்த்துத் தாரகா முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள். அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோர்ட்டில் விக்னராஜா அண்ணர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருவாரோ?" என்று கேட்டார். "வருவார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

ஒரு வெள்ளைக்காரப் பெண் உங்கள் பெயரை உடைத்து உடைத்துக் கூப்பிட்டாள். ஒருவரும் எழும்பவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். நான் எழும்பி நின்றேன். நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, நீங்கள் யார் என்றார். மனைவி என்றேன், எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். மனுக்காரர் வரவில்லை, இனி கேட்பதற்கில்லை என்றார். கோபமாக அல்ல, ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அண்ணர்தான் கையைப் பிடித்து இருத்தினார்.

வெளியே வந்ததும், "அந்தாள் உம்மைக் காப்பாத்திப்போட்டுது, தங்கச்சி" என்றார்.

அத்தனை பேருக்கு முன்னால் சொல்லக் கொண்டுபோன சொல்லை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வைத்திருக்க முடியவில்லை. இந்தக் கடிதம் வரும் நாளிலும் குடிப்பீர்கள். அதற்கு முன் இதை ஒருதரம் வாசியுங்கள்: நீங்கள் குடிக்கவில்லை. நான் நம்புகிறேன்.

வசந்தி