இரண்டு ஜாடிக்கும் ஒன்றுபோல

நகக்கண்ணில் ஏறிய நீலம் மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. மெத்திலீன் ப்ளூ சாயம். நீங்கள் இருந்தவரை இந்தக் கறை உங்கள் கையில்தான் இருக்கும், நான் தொட்டதில்லை. நீங்கள் போய் எட்டு மாதம் கழித்து அந்தச் சோதனையை நானே செய்தேன். முடித்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நம் மாம்பழக்கூழ் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உங்கள் பொறுப்பு, ஆய்வகம் என்னுடையது. பழம் கழுவிய தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு வந்தீர்கள். சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிரிடம் எலக்ட்ரான் மிஞ்சும். அதை மின்முனைவரை கொண்டுவர அதற்கு வழியில்லை. நீலச் சாயம் நுண்ணுயிருக்குள் போய் எலக்ட்ரானை வாங்கி நிறமிழக்கும், மின்முனையில் கொடுத்துவிட்டு மறுபடி நீலமாகும்.

"டவுன் பஸ் மாதிரி மேடம். பாகலூர்ல ஏத்தி ஓசூர்ல இறக்கிட்டு, காலியாத் திரும்பிப் போவுது."

ஒரு ஜாடியில் தொட்டிச் சேற்றோடு சாயத்தைக் கலந்து வைத்தீர்கள், மீட்டரில் எண் ஏறியது. நான் நம்பவில்லை. சாயமே செய்கிற வேலையாக இருக்கலாம் என்றேன்.

"சாமி நேர்ல வந்தாலும் லேப் ரிப்போர்ட் கேப்பீங்க."

"கேப்பேன்."

நுண்ணுயிர்களைக் கொதிக்கவைத்துக் கொன்ற சேற்றை இன்னொரு ஜாடியில் வைக்கச் சொன்னேன். அதில் மின்சாரம் வராவிட்டால் உங்கள் பேச்சு சரி. "மத்தபடி ரெண்டுக்கும் எல்லாம் ஒண்ணுபோலச் செய்யணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். பத்து நாளில் இரண்டிலும் எண் ஏறியது. தோல்வி என்று எழுதினேன். நிர்வாகம் உங்கள் சோதனை மேசையைக் காலி செய்யச் சொன்னது. "நீங்க சொன்னா சரி மேடம்" என்று ஜாடிகளைக் கழுவி வைத்தீர்கள். அடுத்த மாதமே மாரடைப்பு.

போன மாதம், உங்களுக்கு உதவியாளாக இருந்து இப்போது உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மஞ்சுளாம்மா தொட்டியில் சாணிக்கரைசல் ஊற்றிக்கொண்டிருந்தார். நுண்ணுயிர் குறையாமலிருக்க நீங்கள் தினமும் காலையில் செய்தது.

"அண்ணன் அந்த ரெண்டு பாட்டிலுக்கும் ஒவ்வொரு மூடி ஊத்துவாரு மேடம். செத்ததுக்கு எதுக்குண்ணான்னு சிரிச்சேன். மேடம் ஒண்ணுபோலச் செய்யச் சொல்லியிருக்காங்கன்னு என்னையத் திட்டுனாரு."

நான் கொல்லச் சொன்ன ஜாடிக்கு, நான் சொன்னபடியே, தினமும் உயிர் ஊற்றியிருக்கிறீர்கள்.

சாணி இல்லாமல் மறுபடி செய்தேன். கொதித்த ஜாடி நீலமாகவே நின்றது, மீட்டர் அசையவில்லை. மற்றது வெளுத்தது, எண் ஏறியது. முடிவை உங்கள் பெயரிலும் பிழையை என் பெயரிலும் எழுதி நேற்று கொடுத்தேன். மனம் அடங்கவில்லை, அதைப் படிக்க நீங்கள் இல்லை.

இப்போது யார் அளவுகளோடு வந்தாலும், தாளை வாங்குமுன் "காலைல வந்ததும் என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள். உங்களைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள்.