மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிப் பயல் மசித்த காய் சாப்பிடத் தொடங்கிவிட்டான் என்று அண்ணியிடம் சொன்னாயாம். கேட்டதும் மகிழ்ச்சிக்கு முன்னால் பயம்தான் வந்தது.

அண்ணன் உனக்குக் கப்பலில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறான். அவன் புதிதாக விற்கத் தொடங்கியிருக்கும் சரக்குதான்: உப்புத் தண்ணீரில் பீன்ஸும் காளானும் அடைத்த பாட்டில்கள். இந்தக் கடிதம் விமானத்தில் வருவதால் முந்திக்கொள்ளும். அவற்றைத் திறக்காதே. நுனி நாக்கில்கூட வைத்துப் பார்க்காதே. அப்படியே பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடு. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அது கூடத்தில் இருக்கிறது; அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிடுகிறாள். அவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியாததா.

காரணம் சொல்லாமல் உத்தரவு போடக் கூடாது. மண்ணிலிருந்து காயோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதிக்கும் தண்ணீரில் சாகாது. பிரஷர் குக்கரின் சூடு வேண்டும், இல்லையென்றால் அது முளைக்காமல் தடுக்க வினிகரின் புளிப்பு வேண்டும். அண்ணனிடம் இரண்டும் இல்லை. வினிகர் ருசியைக் கெடுக்குமாம், அழுத்தம் சத்தைக் கொல்லுமாம். "உங்க ஃபேக்டரில சத்தையெல்லாம் ஆவியாக்கிட்டு சக்கையைத்தானேப்பா டப்பால அடைச்சீங்க" என்று வேலையாட்கள் முன்னால் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதுதான் என் வாயை அடைத்தது. அதிகச் சூட்டில் சில சத்துகள் குறையத்தான் செய்யும். அந்தக் குறையை ஓர் ஆரஞ்சுப் பழம் தீர்த்துவிடும் என்பது எனக்கு மாடிப்படி ஏறும்போதுதான் தோன்றியது. எனக்கு எல்லாமே அப்புறம்தான் தோன்றும்.

தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சிறு கம்பியால் மூடியைத் தட்டிக் கேட்போம். அத்தனை சோதனைகளில் அதுவும் ஒன்று. என்னிடமிருந்து அண்ணன் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். கரண்டியால் தட்டுகிறான், கணீரென்றால் நல்லது என்கிறான். அந்த ஓசை மூடி இறுக்கமாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். காற்றுப் புகாத அந்த இறுக்கம்தான் கிருமிக்கு வேண்டியதே. அது உள்ளே கக்கும் விஷம் ஊறிய பிறகும் நிறம் மாறாமல், வாடை வராமல் இருக்கலாம். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் என் படத்தைப் போட்டு, 'அப்பாவின் காது தேர்ந்தெடுத்தது' என்று அச்சடித்திருக்கிறான். அதைப் பார்த்து நீ நம்பிவிடுவாயோ என்றுதான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் ஒருவழியாக இதைச் சொன்னேன். உடனே ஒரு பாட்டிலைத் திறந்து, சூடுகூடக் காட்டாமல் என் கண்ணெதிரே சாப்பிட்டான். "பாருங்க, செத்தா போயிட்டேன்?" என்றான். "விடுங்க, மாமாவுக்குத் தன் நிழலைப் பார்த்தாலே பயம்" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து தினமும் மதியம் எனக்கு எதிரே உட்கார்ந்து, வேண்டுமென்றே சாப்பிடுகிறான்.

நான் அவன் இமைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். இமை சரியும், பார்வை இரண்டிரண்டாகும், விழுங்க முடியாது, நாக்கு குழறும். இன்று அவன் கண்ணைக் கசக்கினான். நான் பதறி எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. "தூக்கம்ப்பா, தூக்கம். தூங்கக்கூட விடமாட்டீங்களா?" என்றான். தூக்கம்தான். அவன் நன்றாக இருக்கும் ஒவ்வொரு நாளும் இந்த வீட்டில் நான் இன்னும் கொஞ்சம் கோமாளியாகிறேன்.

நீ சொன்னால் கேட்பான். சாப்பிடுவதையும் விற்பதையும் நிறுத்தச் சொல். அங்கே ஒரு டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொள். நான் எழுதினேன் என்று தெரிந்தால் நாளைக்கு இரண்டு பாட்டிலாகச் சாப்பிடுவான். பேசும்போது அவன் குரல் குழறினால் போனை வைத்துவிடாதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல், என்ன சாப்பிட்டான் என்று அங்கே சொல்லச் சொல்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். அண்ணனுக்கும்தான். இதில் எழுதியதெல்லாம் வெறும் கிழட்டுப் பயமாகவே போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

உன் அப்பா