டெங்கு பார்க்க வந்த தம்பி

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சாருஜாவுக்கு,

நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம். தினமும் போனில் உன் முகத்தைப் பார்த்தாலும், சுகமா என்று எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி. மெல்பேணில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மேல்மாடி ஜீவராணி அன்ரி அங்கே தன் மகனிடம் வருகிறார், மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் தொடங்கினால் அப்பா இடையில் வாங்கித் தானே சொல்லி முடித்துவிடுவார். இது நான் சொல்லவேண்டியது. ஆவணியில் சொந்தத்துக்குள் நடக்கும் கலியாணத்துக்கு வரும்போது போட மினுக்கிவைக்கச் சொன்னாயே, நீ பெரியபிள்ளையானபோது உன் சாமத்திய வீட்டுக்கு மாமா போட்ட சங்கிலி, அது களவு போய்விட்டது.

மழைக்குப் பிறகு இங்கே வீடுவீடாக வந்து தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்புப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். போன கிழமை அப்பா வேலைக்குப் போனபின் ஒருவன் மணி அடித்தான், கழுத்தில் அட்டை, கையில் டோர்ச். “அக்கா, டெங்கு பார்க்க வந்தனான், பூச்சாடியளை ஒருக்காப் பார்க்கவேணும்” என்றான். கொழும்பில் இருக்கும் இத்தனை வருடத்தில் தமிழ் கதைத்துக்கொண்டு அப்படி ஓர் அதிகாரி நம் வாசலுக்கு வந்ததே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அட்டையை வாசிக்கவில்லை, எவ்விடம் தம்பி என்று கேட்டேன். “நீங்கள் எவ்விடம் அக்கா?” என்று திருப்பிக் கேட்டான். யாழ்ப்பாணம், சுன்னாகம் என்றேன். தான் பக்கத்து ஊர், மல்லாகமாம். அதற்குமேல் நான்தான் கதைத்தேன், எங்கள் பள்ளிக்கூடம், கோயில், நீ அங்கே படிப்பது எல்லாம். அவன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றான். வீட்டைப் பார்க்கச் சொல்லி அவனை உள்ளே விட்டுவிட்டுத் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வர, சாப்பாட்டறை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணி தேங்கும் தட்டைக் காட்டி, “புழு நெளியுது அக்கா, படிச்ச ஆக்களே இப்பிடி விட்டால்?” என்று ஏசினான். உண்மையிலேயே புழு இருந்தது! வெட்கப்பட்டு மன்னிப்பும் கேட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சேலை எடுக்கும்போதுதான் அலுமாரியில் சங்கிலி இல்லாதது தெரிந்தது.

பொலிஸில் முறைப்பாட்டை எழுதியவர் தேத்தண்ணியும் கொடுத்தீர்களா நோனா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். அது எனக்குச் சுடவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா, “அவன் சிங்களத்தில கதைச்சிருந்தால் நீர் வாசலிலயே மறிச்சு வச்சிருப்பீர்” என்றார். அதுதான் சுட்டது, அவர் சொன்னது சரி.

நேற்று உண்மையான அதிகாரி வந்தார், ஒரு சிங்களப் பிள்ளை. அட்டையை வாங்கி வாசித்தேன், அலுவலகத்துக்கு அடித்துக் கேட்டேன், ஜீவராணி அன்ரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு நேரமும் வெயிலில் வந்த வேர்வையோடு வெளியே நின்றவர், “ஹொந்தாய் அக்கே, நல்ல காரியம், எல்லாரும் இப்படிக் கேட்டால் எங்களுக்கும் நல்லது” என்று தன் பாஷையில் சொன்னார். ஃபிரிட்ஜ் தட்டைப் பார்த்து நல்ல சுத்தம் என்றார். கள்ளன் ஏசியதால் கழுவிய தட்டு.

நீயும் அங்கே தமிழ்க் குரல் கேட்டால் உருகிப்போகிற பிள்ளை, என்னைப்போல. ஊர் கேள், கேட்காமல் இருக்க நம்மால் முடியாது. ஆனால் உன் ஊரை நீ முதலில் சொல்லாதே, கதவையும் அதற்குப் பிறகு திற. பிள்ளையார் உன்னைக் காப்பார். தூளை வெயிலில் ஒருமுறை காயவைத்துப் போத்தலில் போடு. சங்கிலிக்காக என்மேல் கோபம் வந்தால் வரட்டும், மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் மட்டும் இருக்காதே. ஏசுவதற்காவது போன் எடு, அப்பாவிடம் கொடுக்காமல் நானே கேட்கிறேன்.

உன் அம்மா,
சுபோதினி