இரண்டு துண்டுப் பல் செட்

அன்பு அண்ணே,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. என்னைச் "சந்தேகப் பிராணி" என்று கூப்பிட இப்போது ஆளில்லை. சந்தேகம் மட்டும் குறைந்தபாடில்லை.

லாரி உங்கள் மோட்டார் சைக்கிளை இடித்த அன்று முதலில் ஓடிவந்தது ரஹீம்தான். ஜுருவில் இருக்கும் கார்ப் பட்டறையில் பத்து வருஷம் உங்களோடு வேலை பார்த்த அதே ரஹீம். தலையில் பலத்த அடி, போதாததற்கு உடைந்த பல் செட்டின் ஒரு துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். கருவி விட்டு எடுத்தார்களாம். அதற்குள் நேரமாகிவிட்டது. இரண்டு துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

உங்களை எடுத்த அன்று ரஹீமின் விரலில் கட்டு இருந்தது. என் முகத்தைப் பார்த்துப் பேசவுமில்லை. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, இவரே அதை உள்ளே தள்ளிவிட்டாரோ? அந்த நினைப்பு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மத்தியானம் கடல் பாலம் தாண்டி ஜுருப் பட்டறைக்கே போய்விட்டேன். ரஹீம் டீ வாங்கிக் கொடுத்தார். "அன்னைக்கு விரல்ல என்ன கட்டு, தம்பி?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"பல் செட் கிழிச்சிருச்சுக்கா. அண்ணனுக்கு வாய் நிறைய ரத்தம். ஆம்புலன்சுக்கு போன் போட்டேன். கழுத்து ஆடாமப் பிடிச்சு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொன்னாங்க. கண்ணுக்குத் தெரியுறத மட்டும் எடு, தெரியாததத் தேடி விரலை விடாதே, உள்ள போயிரும்னாங்க. முன்னால கிடந்த துண்ட எடுத்தேன். இன்னொன்னு தெரியவே இல்ல லா."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட கேக்கலாமா வேணாமான்னு இருந்துச்சுக்கா. உடைஞ்ச ஓரத்துல பசை காய்ஞ்சிருந்துச்சு. யாருக்கா ஒட்டுனது?"

நான் டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நினைவிருக்கிறதா, அண்ணே? விரிசல் விட்ட செட்டைக் காட்டி, அடுத்த வாரம் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றீர்கள். "இதுக்குப் போய் டாக்டரா?" என்று கடைப் பசையால் ஒட்டிக் கொடுத்தது நான்தான். வாயில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் சிரித்துப் பார்த்தீர்கள். ஒட்டாமல் விட்டிருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பீர்களா? லாரி இடித்தால் நல்ல செட்டும் உடைந்திருக்குமோ? இதை நான் யாரிடம் கேட்பது?

வெள்ளிக்கிழமை திரும்பப் போவேன். ஒட்டியது நான் என்று ரஹீமின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

நீங்கள் ஒரு நாளும் சந்தேகப்படாத தங்கை,
ராணி