பச்சையம்மாவின் டப்பாவும் உன் கணக்கும்

கல்மண்டபம், ராயபுரம்
நவம்பர் முதல் ஞாயிறு

அன்புள்ள மகள் கரோலினுக்கு,

உன் சம்பளத்திலிருந்து மருத்துவச் சேமிப்புக் கணக்கில் சேரும் பணத்தை அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்கு எடுக்க முடியாது. உன் கம்பெனியின் பணியாளர் பிரிவு இந்த வாரம் எழுத்தில் தந்த பதில் இது. கேட்டு வாங்கியவள், உன்னோடு ஹூஸ்டனில் வேலை பார்க்கும் நம் பக்கத்துத் தெரு மெர்லின். அவள்மேல் கோபப்படாதே. உன் பித்தப்பையில் கல் இருப்பதையும், டாக்டர் ஆகஸ்டிலேயே எடுக்கச் சொன்னதையும், அம்மாவுக்காகக் கணக்கில் கைவைக்காமல் நீ வலியோடு தள்ளிப்போடுவதையும் அவள்தான் சொன்னாள். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பத்திரிகையில் இருந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் கேட்பேன். மண்ணடியில் அமெரிக்க வரிக் கணக்குப் பார்க்கும் தவ்ஃபீக்கிடம் போனேன். ஒரு பெரிய தொகை வரை நாமே செலவு செய்து, அதற்குமேல் காப்பீடு கைகொடுக்கும் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்காம். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு பகுதி அதில் போகிறது. உங்கள் கம்பெனியும் கொஞ்சம் போடுகிறது. வருடம் முடிந்தாலும் மீதி அழியாது, வேலை மாறினாலும் உன்னோடு வரும். மருத்துவத்துக்கு எடுத்தால் வரி கிடையாது. ஆனால் அந்த மருத்துவம் உனக்கோ, துணைக்கோ, உன்னைச் சார்ந்தவர்கள் என்று அந்த ஊர் வரிச் சட்டம் ஏற்பவர்களுக்கோதான். ராயபுரத்தில் இருக்கும் அம்மா அதற்குள் வரமாட்டாள். அவளுக்காக எடுத்தால் வரியும் உண்டு, அபராதமும் உண்டு. "இன்னா நைனா, பெத்தவள வூட்டாளுன்னு ஒத்துக்க மாட்டேன்றானே" என்று தவ்ஃபீக் சிரித்தான்.

நீ ஏன் தப்பாக நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். அம்மா காசிமேட்டில் இறால் உரித்த கொட்டகை உனக்கு நினைவிருக்கும். பள்ளி விட்டதும் நேரே அங்கே வந்து, கவிழ்த்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். உன் நோட்டு எல்லாவற்றிலும் இறால் வாடை அடிக்கிறது என்று டீச்சர் சொல்லியனுப்பினார். சம்பளச் சனிக்கிழமையில், அம்மாவோடு இறால் உரித்த பச்சையம்மாவின் பிஸ்கட் டப்பா ஒவ்வொருத்தியிடமும் வரும், எல்லோரும் காசு போடுவார்கள். யார் வீட்டில் நோவு என்றாலும் அதிலிருந்து எடுப்பார்கள். மாமியாரா, தம்பி பிள்ளையா என்று யாரும் கேட்டதில்லை. உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இளநீரும் மாத்திரையும் அதிலிருந்துதான் வந்தன. அப்படி வளர்ந்த பெண், கணக்கு என்றால் வீட்டுக்கே பொது என்றுதானே நினைப்பாள்.

ஆனால் அந்த டப்பாவுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை நீ மறந்துவிட்டாய். வெள்ளிக்கிழமை பச்சையம்மா அம்மாவைப் பார்க்க வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். "நோவு கீறவ டப்பால துட்டு போடக்கூடாதுன்னு தெரியாதா அவளுக்கு? எத்தினி பேரு கைய தட்டிவுட்டுகீறேன்! வவுத்துல கல்ல வெச்சுகினு சேத்துவெக்கறாளாம், பெரிய மகராசி. நா சொன்னேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு, "எம் முட்டி எங்க ஓடப் போவுது? ஓடமாட்டேன்னுதான உக்காந்துகினு கீது. அவ வவுத்த மொதல்ல பாக்கச் சொல்லு" என்றாள். சிரித்தபடி சொன்னாள். அப்புறம் சமையலறைக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீ ஆபரேஷனுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகைக்காகவே அந்தக் கணக்கு இருக்கிறது. அதை எடு. அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அனுமதி கேட்டிருக்கிறோம். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் பதில் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வந்ததும் தெரிவிக்கிறேன்.

இன்று காலை ராயப்பர் கோயிலில் உன் ஆபரேஷன் நல்லபடி முடிய ஒரு பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். எந்த நாளுக்கு என்று கேட்டார்கள். உன் பெயரை மட்டும் எழுதி, தேதி இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு வந்திருக்கிறேன். அதை நீதான் சொல்ல வேண்டும் கண்ணு. சீக்கிரம் சொல்.

கர்த்தர் உன்னைத் தம் கையில் வைத்துக் காப்பாராக.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா
அருள்பிரகாசம்