ஹனோவருக்காகக் குலுக்கிய குச்சிகள்

என் அருமை அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது ஒரு வாழ்த்து அட்டைகூட எழுதாதவள், நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்து, அதுவும் நாலு பேர் படிக்கும் இடத்தில் கடிதம் எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வராத பிள்ளை நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு செய்தி. ஹனோவரில் ஓர் ஆய்வு நிறுவனம் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. ஆற்றுநீரைச் சோதிக்கும் சிறு குழுவை நான் நடத்த வேண்டும். ஆனால் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத்தான். டுசல்டோர்ஃபில் இப்போது இருக்கும் வேலையோ நிரந்தரம். நாளை திங்கட்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நிரந்தர ஒப்பந்தம் தபாலில் வந்த நாள் நினைவிருக்கிறதா?

"முடிவுத் திகதி எங்க பிள்ளை போட்டிருக்கு?"

"இல்லையப்பா."

"போடவே இல்லையோ?"

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துத் தந்த தற்காலிக விசாவோடு பதினொரு வருடம் இருந்தவர் நீங்கள். அந்த ஒப்பந்தத்தைப் பிரதி எடுத்துக் கடவுச்சீட்டுகளோடு வைத்தீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னதும் அதைப் பற்றித்தான். "அந்த வேலையை மட்டும் விட்டிடாதை." நான் "ஓம், விடமாட்டன்" என்றேன்.

விடவில்லை, அப்பா. ஏழு வருடமாக அதே மேசை, அதே கண்ணாடிக் குடுவைகள். நான் வேலை பழக்கிய இரண்டு பேர் இன்று எனக்கு மேலதிகாரிகள். இரண்டாமவரை உயர்த்தியபோது, ஏன் என்னைக் கேட்கவில்லை என்று தலைவரிடம் போய்க் கேட்டேன். அதற்குத் துணிய எனக்கு நான்கு நாள் எடுத்தது. அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "விருப்பம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே!"

நம் வீட்டில் யார் அப்படிச் சொன்னோம்? குனிந்து வேலை செய்தால் காண்பார்கள் என்றுதானே இருந்தோம்? பல்கலைக்கழகம் வரை என்னைக் கொண்டுபோய் விட்டீர்கள். அதற்கு அப்பால் எப்படி நடப்பது என்று கேட்க நம் குடும்பத்தில் யாரும் அங்கே போயிருக்கவில்லை.

அதனால்தான் நேற்று மத்தியானம், நீங்கள் பத்தொன்பது வருடம் காய்கறி வெட்டிய சீன உணவகத்துக்குப் போனேன். இப்போது முதலாளியின் மகள் லின் நடத்துகிறாள். பின்னறையில் குவான்யின் என்ற பெண்தெய்வத்தின் சிவப்பு மாடம் அப்படியே இருக்கிறது. அதன்முன் மூங்கில் குச்சிகளைக் குலுக்கிக் குறி கேட்பார்களே, எனக்கும் ஒருதரம் கேட்க வேண்டும் என்றேன். நாங்கள் பேசியது ஜேர்மன் மொழியில். உங்களுக்கு நம் பேச்சில் சொல்கிறேன்.

"பேர், விலாசம், கேள்வி. சத்தமாச் சொல்லு."

"மனசுக்குள்ள சொன்னால் போதாதோ?"

"உன்ர மனசுக்குள்ள வந்து தேட அவவுக்கு நேரமில்லை."

முழந்தாளிட்டேன். பெயர், தெரு, வீட்டு இலக்கம், தபால் இலக்கம் எல்லாம் சொன்னேன்.

"தபால் இலக்கம் வேண்டாமடி. அவ உனக்குக் காயிதம் போடப் போறேல்லை."

ஹனோவருக்குப் போகலாமா என்று கேட்டு, குச்சிகள் இருந்த குழலைக் குலுக்கினேன். ஒரு குச்சி விழுந்தது. அதன் இலக்கத்துக்குரிய சீட்டை லின் எடுத்து வாசித்தாள்: படகு கரையில் கட்டியிருக்கிறது, இப்போது அவிழ்க்காதே.

"போகாமல் இரு எண்டுது," என்றாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

ஆனால் சீட்டோடு அது முடிவதில்லை. அதைத் தெய்வம்தான் தந்ததா என்று பிறை வடிவான இரண்டு மரத்துண்டுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது கவிழ்ந்தும் விழுந்தால் சம்மதம். என்னுடையவை இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தன.

"சிரிக்கிறா," என்றாள் லின். அப்படி விழுந்தால் தெய்வம் சிரிக்கிறதாம், சீட்டு செல்லாதாம். மறுபடி குலுக்கினேன். வேறு குச்சி, அதே சிரிப்பு. மூன்றாம் தரமும் சிரிப்பு.

"போதும், எழும்பு. மூண்டு தரத்துக்கு மேல கேக்கிறேல்லை. நான் மேசை போட வேணும்."

"ஏன் சிரிக்கிறா?"

"பதில் தெரிஞ்சு கொண்டு கேட்டாலும் சிரிப்பா, கேள்வி விளங்காட்டிலும் சிரிப்பா. உன்ர எது?"

"ரெண்டும்," என்றேன்.

போக வேண்டும் என்பது, முதல் சீட்டைக் கேட்டுக் கோபம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உண்மையில் கேட்க வந்தது, உங்களுக்குச் சொன்ன அந்த "ஓம்" இனி என்னாகும் என்பதை. அது குவான்யினுக்கு எப்படி விளங்கும்?

அம்மாவிடம் சொன்னேன். "கோயிலில பூக்கட்டிப் பார்க்காமல் சீனாக்காரியிட்டப் போய்க் குச்சி குலுக்கினியோ?" என்று ஏசினா.

"அப்ப பூக்கட்டிப் பார்ப்பமோ அம்மா?"

"வேண்டாம். பிறகு முருகனும் சிரிச்சால் நான் எங்க போறது? உன்ர அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்தான். அதுக்காக நீ இருக்க வேண்டாம்."

இன்று காலை ஹனோவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை விலகல் கடிதத்தைத் தலைவரின் கையில் கொடுத்து, ஏன் போகிறேன் என்று வாயால் சொல்வேன். இரண்டு வருடம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, அடுத்தது என்ன என்று நானே போய்க் கேட்பேன். யாராவது காணட்டும் என்று இனிக் காத்திருக்க மாட்டேன். இது நான் யோசித்துத் தருகிற வாக்கு.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். தபால்காரர் மணியடித்தால், விசா மறுத்த கடிதமோ என்று, சாப்பிடுகிற உங்கள் கை அப்படியே நிற்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். என் ஒப்பந்தத் தாளில் உள்ள திகதி முடிந்தால் எனக்கு வேலை மட்டும்தான் போகும், அப்பா. நாட்டை விட்டுப் போ என்று என்னை யாராலும் சொல்ல ஏலாது. அதனால், இனி எனக்காகப் பயப்படாதேங்கோ.

உங்கள் மூத்த பிள்ளை